கொல்லிமலையில் வீடு: வெளிநாட்டிலிருந்து தேடுவோருக்கு

சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு 'கொல்லிமலை ஃபார்ம்ஹவுஸ்' விளம்பரத்தில் மயங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். அன்னியச் செலாவணி விதிகளின்படி, வெளிநாடுவாழ் இந்தியரும் ஓசிஐ அட்டைதாரரும் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மூன்றையும் விலைக்கு வாங்க முடியாது. குடியிருப்பு வீடு வாங்கலாம். படத்தில் வீட்டைச் சுற்றி மிளகுக்கொடியும் காப்பிச் செடியும் தெரிந்தால், உடனே சர்வே எண்ணைக் கேளுங்கள்; தரத் தயங்கினால் விட்டுவிடுங்கள்.

எண் கிடைத்ததும் தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்தில் மாவட்டம் நாமக்கல், வட்டம் கொல்லிமலை, பிறகு கிராமம் எனத் தேர்ந்து பட்டாவைத் திறந்து பாருங்கள். நன்செய், புன்செய் எதில் பரப்பளவு இருக்கிறது, விற்பவர் பெயர்தான் இருக்கிறதா என்பது அங்கேயே தெரியும். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் வில்லங்க விவரத்தையும் இலவசமாகப் பார்க்கலாம். 30 ஆண்டுகளுக்காவது பாருங்கள்.

இங்கே மலையாளிப் பழங்குடியினரே பெரும்பான்மை. அவர்களுக்கு அரசு ஒப்படைத்த நிபந்தனைப் பட்டா நிலத்தை எளிதில் கைமாற்ற முடியாது. அது அவர்களுடைய வாழ்வாதாரம். தாசில்தார் அலுவலகத்தில் விசாரிக்காமல் முன்பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப்போய், உங்களுக்காக நேரில் பார்த்துச் சொல்ல நம்பிக்கையான உறவினர் ஒருவர் வேண்டும்.