பால் எடைப் பதிவேடும் பெர்ல் நிரலும்

மாணவர்களே, தெமியாங் வட்டாரத்தில் உங்களில் பலருடைய தாத்தா பாட்டி பால்மரம் வெட்டியவர்கள். கொண்டுவந்த பாலை நிறுத்து, தோட்டத்துக் கிராணி பதிவேட்டில் எழுதுவார். கூலியில் ஒரு பகுதி அந்த எடையைப் பொறுத்தது. அப்படிப்பட்ட பதிவேட்டைக் கணினியில் அடுக்கும்போது கவனம் தேவை. ஏன் என்று பார்ப்போம்.

மாதிரிக்கு மூன்று வரிகள்: ஆள் எண், பெயர், எடை (கிலோ).

12:அன்பு:9
7:அமுதா:31
103:வள்ளி:28

ஒவ்வொரு வரியும் ஒரு பதிவு. முக்காற்புள்ளி பிரிக்கும் ஒவ்வொரு துண்டும் ஒரு புலம். இத்தகைய வேலைக்கு ஏற்ற நிரல்மொழி பெர்ல். மொழியியல் பயின்ற அமெரிக்கரான லாரி வால் இதை 1987இல் வெளியிட்டார்.

படி 1: பிரித்தல்
'சோம்ப்' கட்டளை வரியின் கடைசியில் இருக்கும் வரிமுறிப்பை நீக்கும். 'ஸ்பிலிட்' கட்டளை முக்காற்புள்ளி உள்ள இடங்களில் வரியை வெட்டும். பெர்ல் 0இலிருந்து எண்ணுவதால் எடை 2ஆம் புலம்.

படி 2: எடைப்படி அடுக்குதல்
'சார்ட்' கட்டளையை அப்படியே கொடுத்தால் 28, 31, 9 என்று வரும்! பெர்ல் அவற்றை எழுத்தாகப் பார்த்து, முதலில் 2, 3, 9 ஆகியவற்றையே ஒப்பிடுகிறது. கடைசியில் நிற்பவரே அதிகப் பால் கொண்டுவந்தவர் என்று எண்ணினால், 9 கிலோ கொண்டுவந்த அன்பு முந்திவிடுவார். 31 கிலோ கொண்டுவந்த அமுதாவின் உழைப்பு மறைந்துவிடும். எண்ணாக ஒப்பிட <=> என்ற குறியைப் பயன்படுத்த வேண்டும். அப்போது 9, 28, 31 எனச் சரியாக வரும்.

படி 3: பெயர்ப்படி அடுக்குதல்
இங்கே தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. நம் அரிச்சுவடியில் 'ம' 10ஆவது மெய், 'ன' 18ஆவது மெய். ஆகவே அமுதா முதலில், அன்பு பிறகு. ஆனால் யூனிகோடில் 'ன' எழுத்தின் எண் 2985, 'ம' எழுத்தின் எண் 2990. சாதாரண 'சார்ட்' இந்த எண்களைப் பார்த்து அன்பை முன்னால் வைக்கும். எழுத்துகளின் அகர வரிசை விதியை அறிந்த 'யூனிகோட் கோலேட்' என்னும் பெர்ல் தொகுதியைச் சேர்த்தால் இது சரியாகும்.

பிழைச் செய்தி எதுவும் வராமலே பட்டியல் தவறாக இருக்கலாம். அதனால் விடையை நாமே சரிபார்க்க வேண்டும்.

செய்து பாருங்கள்
45:அமலன்:110 என்ற வரியைச் சேருங்கள். எடையை எழுத்தாக அடுக்கினால் 110 எங்கே நிற்கும்? எண்ணாக அடுக்கினால்? முதலில் தாளில் எழுதுங்கள். பிறகு நிரலை ஓட்டி ஒப்பிடுங்கள்.