தெய்வம் படைக்க உட்காரும் கேம் மாஸ்டருக்கு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ரூன்குவெஸ்ட், பாத்ஃபைண்டர் என்று எந்த ஆட்டத்தை எடுத்தாலும், கேம் மாஸ்டர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் வரைபடத்தையும் அரச வம்சங்களையும் ஆசை ஆசையாகச் செய்கிறார்கள். தெய்வங்கள் என்று வந்ததும் விதிநூலைத் திறந்து, அட்டவணையில் பெயரை மட்டும் மாற்றி எழுதிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட உலகத்தில் யாரும் சாமி கும்பிடுவதாகவே தோன்றாது. இத்தனை நல்ல நூல்கள் இருந்தும் இப்படி ஆகிறதே என்பது என் வருத்தம். மூத்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. எண்ணிலிருந்து தொடங்க வேண்டாம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில் ராபர்ட் குன்ட்ஸும் ஜேம்ஸ் வார்டும் ‘காட்ஸ், டெமி-காட்ஸ் அண்ட் ஹீரோஸ்’ என்ற சிறு நூலை எழுதினார்கள். பல நாட்டுத் தொன்மங்களின் தெய்வங்களுக்கு ஹிட் பாயிண்டும் ஆர்மர் கிளாஸும் போட்ட நூல் அது. அதற்கு முன்னுரை எழுதிய டிம் காஸ்க், நாற்பது லெவலுக்கு மேல் கேரக்டர்களை வாரி வழங்கும் நடத்துநர்களுக்குப் புத்தி சொல்ல நினைத்தார். ஓடினுக்கே 300 ஹிட் பாயிண்ட்தான் என்னும்போது உங்கள் நாற்பத்து நாலாம் லெவல் வீரனை யார் மதிப்பார் என்பது அவர் வாதம். பல மேசைகளில் நடந்தது நேர்மாறு. ஓடினைச் சாய்க்க 300 போதும் என்று படித்தார்கள். 1980-இல் வந்த ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ நூலில் ஜீயஸுக்கு 400. எண்ணைக் கண்டால் அதைக் குறைக்கத்தான் ஆட்டக்காரருக்குக் கை துறுதுறுக்கும். உங்கள் தெய்வம் நேரில் சண்டைக்கு வரப்போவதில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவிடுங்கள்.

2. கும்பிடுகிறவரிடமிருந்து தொடங்குங்கள்.

இதற்கு வழிகாட்டி 1979-இல் ரூன்குவெஸ்ட் ஆட்டத்துக்காக வந்த ‘கல்ட்ஸ் ஆஃப் பிராக்ஸ்’. கிரெக் ஸ்டாஃபோர்ட் கற்பனை செய்த குளோராந்தா உலகத்தின் வழிபாட்டுக் கூட்டங்களைப் பற்றியது. தெய்வம் படைக்கக் கற்றுத் தருவதில் இதற்கு இணையான விதிநூலை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒரே படிவம்: புராணம் என்ன, இந்த வழிபாடு இன்னும் ஏன் உயிரோடு இருக்கிறது, சாதாரண பக்தர் என்ன செய்ய வேண்டும், தீட்சை பெற்றவர் என்ன செய்ய வேண்டும், பூசாரி ஆவது எப்படி, எந்தக் கூட்டத்தோடு உறவு. இடையிடையே பிட்டூரியன் வரோஷ் என்ற வியாபாரியின் பயணக் குறிப்புகள் வரும். அவன் கண்ணால் பார்க்கும்போது படிவத்தில் உள்ளதெல்லாம் மனிதர்களின் நடத்தையாக மாறிவிடும்.

படிவத்தை நிரப்பிக் காட்டுகிறேன். ஆற்றைக் கடப்பவர்களைக் காக்கும் ஓரெல் என்ற தெய்வம் உங்கள் உலகத்தில் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவசரத்தில் எழுதினால் ‘ஆறுகளின் தேவி, ஆயுதம் துடுப்பு’ என்று ஒரே வரியில் முடிந்துவிடும். இப்போது கேள்விகளைக் கேட்போம். புராணம்? வெள்ளத்தில் குழந்தையை அக்கரையில் விட்டுவிட்டுக் கதறிய ஒரு தாய்க்காக ஓரெல் ஆற்றோடு ஒப்பந்தம் செய்தாள். ஆறு இனி ஓடங்களை விழுங்காது. பதிலுக்கு அதன் மேல் நிழல் விழும்படி மனிதர் எதையும் கட்டக்கூடாது. சாதாரண பக்தர்? ஓடத்தைத் தள்ளுமுன் ஒரு பிடி தானியத்தைத் தண்ணீரில் தூவுவார். தீட்சை பெற்ற ஓடக்காரர்? பிணத்தோடு வருகிறவரிடம் கூலி வாங்கமாட்டார். பூசாரி? உயிரே போனாலும் பாலத்தில் கால் வைக்கமாட்டார். உறவும் பகையும்? மீனவர்களின் தெய்வத்தோடு கொள்வினை கொடுப்பினை. கல்தச்சர்களின் தெய்வத்தோடு தீராப் பகை.

இவ்வளவுதான் எழுதினோம். இனி அரசன் அந்த ஆற்றில் பாலம் கட்ட ஆள் அனுப்பினால் போதும், கதையை நீங்கள் தள்ளிக்கொண்டு போக வேண்டியதில்லை. குழுவில் ஓரெலின் கிளெரிக் ஒருவர் இருந்து, எதிரிகள் துரத்த, தப்பிக்க இருக்கும் ஒரே வழி கட்டி முடித்த அந்தப் பாலம்தான் என்று வந்தால், அவர் எடுக்கும் முடிவை மற்ற ஆட்டக்காரர்கள் நெடுநாள் பேசுவார்கள். ஜீயஸின் 400 ஹிட் பாயிண்ட் ஒருநாளும் இதைத் தராது.

3. விலக்கு மேசையில் இடிபட வேண்டும்.

2019-இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு ஒவ்வொரு தெய்வத்துக்கும் செய்ய வேண்டியவை சில, செய்யக் கூடாதவை சில என்று வகுத்திருக்கிறது. சூரியனுக்கும் மீட்புக்கும் உரிய சாரன்ரே, மனம் திருந்தியவருக்கு வாய்ப்பு மறுப்பதை விலக்கியிருக்கிறாள். கொள்ளைக்காரன் ஒருவன் சரணடைந்த மறுகணமே அவள் கிளெரிக்குக்கு வேலை வந்துவிடுகிறது. ‘நல்லவராக நடந்துகொள்’ என்று எழுதினால் அப்படி எதுவும் நடக்காது. ஓர் ஆட்ட இரவில் ஒரு முறையாவது குறுக்கே வரக்கூடிய விலக்காகப் பார்த்து எழுதுங்கள். இரண்டு கடமை, இரண்டு விலக்கு. அதற்கு மேல் யாருக்கும் நினைவில் நிற்காது.

4. டொமைனுக்கு ஒரு தெய்வம் என்று பங்கு போடாதீர்கள்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014-ஆம் ஆண்டு பிளேயர்ஸ் ஹேண்ட்புக் கிளெரிக்குகளுக்கு ஏழு டொமைன்கள் தருகிறது: அறிவு, உயிர், ஒளி, இயற்கை, புயல், தந்திரம், போர். உடனே ஏழு தெய்வங்களைச் செய்து வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். கிரேக்கர்களின் பொசைடனைப் பாருங்கள். கடலும் அவனுடையது, நிலநடுக்கமும் அவனுடையது, குதிரைகளும் அவனுடையவை. இவை மூன்றும் ஏன் ஒருவனிடம் என்று கேட்கத் தொடங்கினாலே புராணம் பிறந்துவிடுகிறது. டொமைன் என்பது மந்திரங்களைப் பிரித்துக் கொடுக்க வந்த ஏற்பாடு. உங்கள் தெய்வத்தை முதலில் செய்து முடியுங்கள், டொமைனைப் பிறகு ஒட்டிக்கொள்ளலாம்.

5. ஊர் மக்கள் ஒரே சாமியைக் கட்டிக்கொண்டு வாழ்வதில்லை.

பல தெய்வங்கள் உள்ள உலகத்தைச் செய்துவிட்டு, அதில் எல்லோரையும் ஆளுக்கு ஒரு தெய்வம் மட்டும் கும்பிட வைப்பது மிகப் பரவலான பிழை. ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில் கடலின் அம்பர்லீ கொடியவள். ஆனாலும் கப்பல் ஏறுமுன் மாலுமிகள் அவளுக்குக் காணிக்கை போடுகிறார்கள். அன்பால் அல்ல, பயத்தால். உங்கள் சத்திரக்காரரும் அறுவடைக்கு ஒரு தெய்வம், பிரசவத்துக்கு ஒரு தெய்வம், திருடர் பயத்துக்கு ஒரு தெய்வம் என்றுதான் வைத்திருப்பார். ஒரே கடவுள், இருவேறு சக்திகளின் போர், மறைபொருள் வழிபாடு என்று வேறு அமைப்புகள் வேண்டுமானால் 2014-இன் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் முதல் அத்தியாயத்தைப் படியுங்கள். சில பக்கங்கள்தான்.

6. எடுத்துக்கொள்ளலாம், ஆனால் யாருடையது என்று பார்த்து எடுங்கள்.

எட் கிரீன்வுட் தன் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் தெய்வங்களை எப்படி அமைத்தார் என்று 1981-இல் டிராகன் இதழின் 54-ஆம் எண்ணில் எழுதினார். டியர், மியலிக்கி, ஓக்மா போன்றவர்களைப் பழைய தொன்மங்களிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டார். கிரேக்கர்களின் அதிர்ஷ்ட தேவதை டைக்கியையோ இரண்டாக உடைத்தார்: நல்லூழுக்கு டைமோரா, தீயூழுக்கு பெஷபா. கடன் வாங்குவதென்றால் இப்படிப் புதிதாக ஒன்று பிறக்க வேண்டும்.

முன்பு சொன்ன 1980-ஆம் ஆண்டு ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ நூலில் இந்தியத் தொன்மத்துக்கும் ஒரு பகுதி உண்டு. இந்திரன், விஷ்ணு, காளி ஆகியோரோடு கார்த்திகேயனும் ஹிட் பாயிண்டோடு நிற்கிறார். கோடிக்கணக்கானோர் இன்றும் கைகூப்பும் தெய்வத்தை அட்டவணையில் அடைப்பது எனக்கு ஒப்பவில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவரின் வீட்டுப் பூஜையறையில் இருக்கும் சாமியை ஆட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். இது எந்த மதத்துக்கும் பொருந்தும்.

7. எண் உதவும் இடமும் உண்டு.

2002-இல் மீண்டும் ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ என்ற பெயரிலேயே வந்த மூன்றாம் பதிப்பு நூல் தெய்வங்களுக்குப் படிநிலை வைத்தது. சண்டைக் கணக்குகளைத் தள்ளிவிட்டு, தன் ஆட்சிப்பொருளில் நடப்பதை ஒரு தெய்வம் எவ்வளவு தூரம் உணரும் என்ற விதியை மட்டும் படியுங்கள். கீழ்ப்படியில் உள்ள டெமிகாட் தெய்வத்துக்கு ஆயிரம் பேர் அல்லது அதற்கு மேல் சம்பந்தப்பட்ட நிகழ்ச்சிதான் தெரியும். அதற்கு மேற்படிக்கு ஐந்நூறு பேர் போதும். உச்சியில் இருப்பவர்களுக்கு வருங்காலமும் வாரக்கணக்கில் தெரியும். ‘தன் கோயிலுக்கு எதிரான சதி தெய்வத்துக்கு ஏன் தெரியவில்லை’ என்று ஆட்டக்காரர் மடக்கினால் பதில் உங்கள் கையில் இருக்கிறது: சதிகாரர்கள் நானூறு பேருக்குமேல் கூட்டம் சேர்க்கவே இல்லை. வில்லனுக்கும் இந்த விதி தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.

8. தெய்வம் பதில் சொல்லுமா என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள்.

1984-இல் தொடங்கிய டிராகன்லான்ஸ் கதையில் தெய்வங்கள் விலகிப்போன உலகத்துக்கு முதல் உண்மையான கிளெரிக் திரும்பி வருவதே பெரிய செய்தி. 2004-இல் வந்த கீத் பேக்கரின் எபரான் உலகத்தில் தெய்வங்கள் மண்ணில் நடமாடுவதில்லை. நெறிகெட்ட பூசாரிக்கும் மந்திரம் பலிக்கும். இரண்டில் எது என்று தெரியாமல் நடத்தினால் குழு குழம்பும்.

9. முதல் கேம்பெயினுக்கு மூன்று தெய்வங்கள் போதும்.

அந்த மூன்றிலும் ஒன்றைப் பாதியில் நிறுத்தி, கிளெரிக்கை ஆடுபவரிடம் விடுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு முன் அவரைக் கூப்பிட்டு, ‘உன் கேரக்டர் காலையில் எழுந்ததும் தன் தெய்வத்துக்கு என்ன செய்வான், எதை மட்டும் செய்யவே மாட்டான்?’ என்று கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். விதிநூலில் வேறு மாதிரி இருந்தாலும் அவர் சொன்னதையே வைத்துக்கொள்ளுங்கள்.