சினிமாவில் படிக்க என்ன இருக்கிறது?

கேள்வி: ப்ளஸ் டூ முடிக்கப்போகிறேன். சினிமாவைப் பாடமாகப் படிக்க ஆசை. இயக்குநராகும் எண்ணம் இல்லை. படங்களை ஆராய்ந்து எழுதத்தான் விருப்பம். “மூணு மணி நேரம் தியேட்டர்ல உட்கார்ந்து பார்த்தா முடிஞ்சுது, இதுல படிக்க என்ன இருக்கு?” என்கிறார் அப்பா. விஸ்காம் சேர்ந்தால் போதுமா?
– மாணவி, விருதுநகர்

பதில்: அப்பாவோடு உட்கார்ந்து ‘அந்த நாள்’ பாருங்கள். 1954-இல் ஏவி.எம்முக்காக எஸ். பாலசந்தர் எடுத்த படம். பாட்டு ஒன்றுகூடக் கிடையாது. தொடங்கியதுமே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி கணேசன் செத்து விழுகிறார். சுட்டது யார் என்ற விசாரணையில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் ‘ரஷோமான்’ படப் பாதிப்பில் வந்த படம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். அதையும் மறுநாள் பாருங்கள். அங்கே ஒரே சம்பவத்தை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். எது நிஜம் என்பது கடைசிவரை உறுதியாவதில்லை. ‘அந்த நாள்’ படத்திலோ சந்தேகம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவிக்கொண்டே போய், முடிவில் உண்மை தெளிவாகிவிடுகிறது. ஏன் இந்த வேறுபாடு? கதை நடப்பது 1943, உலகப் போர்க்காலச் சென்னை. சுதந்திரம் கிடைத்து ஏழே ஆண்டுகளான நாட்டில், தேசத் துரோகத்தைப் பேசும் படம் உண்மையை அந்தரத்தில் தொங்கவிட முடியாது என்பது என் கருத்து. நீங்கள் மறுக்கலாம். ஆனால் எந்த ஷாட்டை வைத்து மறுக்கிறீர்கள் என்று காட்ட வேண்டும். இதைத்தான் வகுப்பில் ஒரு செமஸ்டர் முழுக்கப் பழக்குவார்கள்.

எங்கே படிப்பது? தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனமும் புனே திரைப்படக் கல்லூரியும் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, இயக்கம் போன்ற தொழிலைக் கற்றுத்தருபவை. விஸ்காமில் விளம்பரம், புகைப்படம், டிசைன் எல்லாம் கலந்து வரும். சினிமா அதில் ஒரு பங்குதான். உங்களுக்கு வேண்டியது திரைப்பட ஆய்வு. கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 1993-இலேயே அதற்குத் தனித் துறை தொடங்கிவிட்டார்கள். இளங்கலையில் வரலாறோ இலக்கியமோ எடுத்துவிட்டு முதுகலையில் இதற்கு வருவதையே நான் சிபாரிசு செய்வேன். வேலைகள் உண்டு: கல்லூரி ஆசிரியப் பணி, ஆவணக் காப்பகம், பழைய படங்களைச் சீரமைப்பது, திரைப்பட விழா, பத்திரிகை. ஆனால் இடங்கள் குறைவு. அதை அப்பாவிடம் மறைக்காதீர்கள்.

இப்போதே தியடோர் பாஸ்கரனின் ‘எம் தமிழர் செய்த படம்’, கா. சிவத்தம்பியின் ‘தமிழ்ச் சமூகமும் அதன் சினிமாவும்’ இரண்டையும் படித்துவிடுங்கள். ஆங்கில வாசிப்பும் வேண்டும். எம்.எஸ்.எஸ். பாண்டியன் எம்.ஜி.ஆர். பிம்பத்தை ஆராய்ந்து 1992-இல் எழுதிய நூல் முதலில் ஆங்கிலத்தில்தான் வந்தது.

நம் துறையில் என் மனதை மிகவும் வருத்துவது ஒன்று உண்டு. நடராஜ முதலியார் எடுத்த முதல் தமிழ் மௌனப் படம் ‘கீசகவதம்’ இன்று இல்லை. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ படத்துக்கும் அதே கதி. பிரதி இல்லாத படத்தைப் பாட்டுப் புத்தகம், பத்திரிகை விளம்பரம், பார்த்தவர்களின் நினைவு ஆகியவற்றிலிருந்துதான் ஓரளவு மீட்டெடுக்க முடிகிறது. பாட்டுப் புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பார்த்தவர்களுக்கும் வயதாகிறது.

ஆகவே கல்லூரி திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊரில் மூடிக்கிடக்கும் தியேட்டர்களில் புரொஜக்டர் ஓட்டியவர்களையும் டிக்கெட் கிழித்தவர்களையும் தேடிப்போய்ப் பேசுங்கள். அதற்கு முன் அப்பாவிடம் கேளுங்கள்: முதன்முதலில் படம் பார்த்தது எந்தக் கொட்டகையில், என்ன படம், யாரோடு போனார், தரை டிக்கெட்டா பெஞ்சா, இடைவேளையில் என்ன வாங்கித் தின்றார்? அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே, தேதி போட்டு எழுதி வையுங்கள்.