பெயரும் ஒரு பொருளே

களவு என்றதும் உடைந்த பூட்டும் திறந்து கிடக்கும் பெட்டியுமே நம் நினைவிற்கு வருகின்றன. பூட்டு உடையாமலும் பெட்டி திறவாமலும், உடையவர் அறியாமலே நிகழும் களவு ஒன்று இந்நாளில் பெருகியுள்ளது. அக்கள்வன் கவர்ந்து செல்வது பொன்னை அன்று, பெயரை. ஒருவருடைய பெயர், பிறந்த நாள், ஆதார் எண், பான் எண் ஆகியவற்றைக் கைப்பற்றி, அவரே போல நடித்து, அவர் பெயரால் கடன் பெற்று மறைந்து விடுகின்றான். பணம் பெற்றவன் ஒருவன், கடனாளி மற்றொருவர்.

சென்னையின் வடபகுதியில் உள்ளது கொடுங்கையூர். தென்கிழக்கே இராயபுரமும் துறைமுகமும், வடக்கே மணலியின் எண்ணெய் ஆலையும், வடகிழக்கே திருவொற்றியூரும் எண்ணூரும் அமைந்திருக்க, உழைத்து உண்ணும் மக்கள் பலர் வாழும் ஊர் அது. அங்கு வாழும் கன்டெய்னர் லாரி ஓட்டுநர் ஒருவரை நாம் மனத்தில் படைத்துக் கொள்வோம். அவர் பெயர் ப. முருகன் என்க. அவருடைய மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துள்ளது. பத்து நாளில் கட்டணம் செலுத்த வேண்டும். கல்விக் கடன் வேண்டி வங்கிக்குச் செல்கின்றார்.

“உங்கள் பெயரில் முன்னமே ஒரு கடன் நிலுவையில் உள்ளதே! ஓராண்டாகத் தவணை செலுத்தவில்லையே?” என்கின்றார் அதிகாரி.

“ஐயா, நான் அப்படி ஒரு கடனே வாங்கவில்லையே!”

“ஏட்டில் அவ்வாறுதான் உள்ளது.”

அந்த ஏடு யாது? யார் எழுதியது? நம் நாட்டில் கடன் பெறுவோர் ஒவ்வொருவரைப் பற்றியும் குறிப்பு எழுதி வைக்கும் நிறுவனங்கள் உள்ளன. சிபில் என மக்கள் வழங்கும் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தோன்றியது. இத்தகைய நிறுவனங்களை நெறிப்படுத்த 2005ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. வங்கிகளும் கடன் நிறுவனங்களும் தம்மிடம் கடன் பெற்றோர் தவணையை ஒழுங்காகச் செலுத்தினரா என்பதை இவற்றுக்குத் தெரிவிக்கின்றன. அதைக் கொண்டு 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் கணிக்கப்படுகின்றது. புதிதாகக் கடன் கேட்டு ஒருவர் வந்ததும், வங்கி அவர் முகத்தைப் பார்க்குமுன் இம்மதிப்பெண்ணைப் பார்க்கின்றது. முருகனை ஒருநாளும் கண்டிராத ஒருவர் எங்கோ இருந்து எழுதிய வரி, அவர் மகளின் படிப்பைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் பெற்று விடுகின்றது.

இத்தகைய பொய்வரி களவினால் மட்டும் நேர்வதன்று, குழப்பத்தினாலும் நேரும். நம்மவர் பெயரமைப்பே இதற்கு இடம் தருகின்றது. தமிழர் பலர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே உண்டு. பழனியின் மகன் ப. முருகன்; பெருமாளின் மகன் பெ. முருகன், பொன்னுசாமியின் மகன் பொ. முருகன். தமிழில் வேறுபட்டு நிற்கும் இம்மூவரும் ஆங்கிலத்தில் எழுதப்படும்போது ‘பி. முருகன்’ என்று ஒருவராகி விடுகின்றனர். ஓர் எழுத்துக்குள் எத்தனை தந்தையர்! பான் அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதோ தலைப்பெழுத்தை ஏற்பதில்லை. அதனை விரித்து எழுத வேண்டும். ஆகவே வங்கியில் ‘முருகன் பி.’, பான் அட்டையில் ‘பழனி முருகன்’, வேறோரிடத்தில் ‘முருகன் பழனி’ என ஒரே மனிதர் மூவராகவும் ஆகின்றார். மூவர் ஒருவராவதும் ஒருவர் மூவராவதும் பிழை புகுவதற்கு ஏற்ற வாயில்களாம்.

இவ்வகைக் குழப்பம் நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2011ஆம் ஆண்டு செர்ஜியோ ராமிரேஸ் என்பவர் கார் வாங்கச் சென்றார். பயங்கரவாதிகள் முதலியோரின் பெயர்கள் அடங்கிய அரசுப் பட்டியலில் உள்ள பெயரோடு அவர் பெயர் ஒத்திருப்பதாகக் கடன் அறிக்கை கூறியது. விற்பனையாளர் அவருக்குக் கார் விற்க மறுத்தார். அவரோ குற்றமற்றவர். அறிக்கை தந்த டிரான்ஸ்யூனியன் நிறுவனம் பெயரின் முற்பகுதியையும் பிற்பகுதியையும் மட்டுமே ஒப்பிட்டது. பிறந்த நாளைக்கூட ஒப்பிடவில்லை. அவரைப் போலவே ஏடுகளில் தவறாகக் குறிக்கப்பட்டவர்கள் 8,185 பேர் என்பது வழக்கில் வெளிப்பட்டது. அவ்வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்று 2021இல் தீர்ப்புப் பெற்றது. நம் சிபிலில் பெரும்பங்கு உரிமை பெற்றிருப்பதும் அந்த டிரான்ஸ்யூனியன் குழுமமே.

இனி, களவைக் காண்போம். 2022 பிப்ரவரியில், தாம் கேட்டறியாத சிறு கடன்கள் தம் பான் எண்ணின்மேல் ஏறியிருப்பதை நம் நாட்டினர் பலர் தம் அறிக்கையில் கண்டு திகைத்தனர். புகழ் பெற்ற திரைப்பட நடிகை ஒருவரும் அவர்களுள் இருந்தார். அவர் பெயரில் எவரோ பெற்றிருந்த கடன் 2,000 ரூபாய். ஊரறிந்த முகத்தை உடையவர்க்கே இந்நிலை எனின், முருகனைப் போன்றோர் நிலையைச் சொல்ல வேண்டுமோ? நாம் ஆதார் அட்டையின் படியைக் கேட்ட இடமெல்லாம் கொடுக்கின்றோம். சிம் அட்டை விற்பவரிடம் ஒன்று, விடுதியில் ஒன்று, படியெடுக்கும் கடையில் கறுப்படித்துப் போனதென்று விட்டு வந்தது ஒன்று. வடசென்னையின் குப்பை பல்லாண்டுகளாக வந்து குவிந்த பெருமேடு கொடுங்கையூரிலேயே உள்ளது. எறிந்த பொருள் இல்லாமற் போய்விடும் என்று நம்புவோர் அம்மேட்டை ஒருமுறை கண்டு வருதல் நன்று. கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைப் பெறும் வசதி உள்ளது. கொடுக்கும் படியின் குறுக்கே நாளும் நோக்கமும் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பதும் நல்ல வழக்கமே.

பிறர் பெயரில் எழுந்த கடனை முருகன் எவ்வாறு மறுப்பது? ‘நான் வாங்கவில்லை’ என்று வாயால் நூறு முறை கூறினும் ஏடு மாறாது. பெரியபுராணத்தில் வரும் ஒரு வழக்கு இங்கு நினைக்கத்தக்கது. திருமணக் கோலத்தில் இருந்த நம்பியாரூரரைத் தம் அடிமை என்று கூறி முதியவர் ஒருவர் ஓலை காட்டினார். ஆரூரர் அதனைப் பறித்துக் கிழித்தார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. கிழிந்தது படியோலையே என்று கூறி, முதியவர் மூல ஓலையை நீட்டினார். அவையோர் அதனைப் படித்ததோடு அமையவில்லை. ஆரூரருடைய பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, இரண்டின் எழுத்தையும் ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புக் கூறினர். அவ்வழக்கில் ஓலை மெய்யானதாகவே முடிந்தது. எனினும், நாம் கொள்ள வேண்டியது முடிவை அன்று, முறையை.

முருகனும் மூல ஓலையையே கேட்க வேண்டும். கடன் விண்ணப்பத்தில் உள்ள கையொப்பம் யாருடையது? ஒட்டிய படம் யாருடையது? பணம் எந்தக் கணக்கிற்குச் சென்றது? இவற்றைக் காட்டுமாறு கடன் கொடுத்த நிறுவனத்துக்கும், வரியைத் திருத்துமாறு கடன் தகவல் நிறுவனத்துக்கும் நாளிட்டு எழுத வேண்டும். ஒப்புகைச் சீட்டைப் பெற்று வைத்தல் வேண்டும். திருத்தம் 30 நாளுக்குள் முடியாவிடின், அதன்மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தரவேண்டும் என்னும் விதி 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறைக்கு வந்தது. விடை வாராவிடினும், வந்த விடை பொருந்தாவிடினும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். பிறருடைய அடையாளத்தை வஞ்சகமாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமாதலின், காவல் துறையிலும் புகார் பதிதல் வேண்டும்.

ஆயினும், சட்டம் தரும் 30 நாளுக்காகக் கல்லூரி காத்திராது. கடன் தகவல் நிறுவனம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தருகின்றது. மகள் பன்னிரண்டாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கும்போதே தந்தை அதனைப் பெற்றுப் பார்த்திருப்பின், பிழையைத் திருத்த ஓராண்டு கிடைத்திருக்கும். எழுத்தறிவு குறைந்த பெற்றோர்க்கு இதைச் செய்து தருதல் பள்ளி மாணவர்க்கு அரிய செயலன்று.

கணக்கிலிருந்த பணமே களவு போயின் நாள் கணக்கு உதவாது. நாழிகைக் கணக்கே உதவும். கள்வர் பணத்தை ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றிற்கு மாற்றி மாற்றி விரைவில் எடுத்து விடுவர். அதற்குள் இடையில் தடுத்து நிறுத்துவதற்காகவே 1930 என்னும் தொலைபேசி எண் உள்ளது. வங்கிக்கும் உடனே அறிவித்தல் வேண்டும். 2017 ஜூலை 6ஆம் நாள் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இதனை விளக்கியது. வங்கியின்மேலும் வாடிக்கையாளர்மேலும் தவறில்லாதபோது நேர்ந்த களவை மூன்று வேலை நாளுக்குள் அறிவித்தால், வாடிக்கையாளர்க்குப் பொறுப்பில்லை. கடவுச்சொல்லை அவரே பிறர்க்குக் கூறியிருப்பின், வங்கிக்கு அறிவிக்கும் வரை நேர்ந்த இழப்பு அவரையே சாரும் என்பது அதன் கருத்து. ‘வங்கியிலிருந்து பேசுகிறேன்’ என்று இனிமையாகத் தொடங்கும் குரல்கள் எதனை நாடுகின்றன என்பது இதனால் விளங்கும்.

தம் வங்கியின் சேவைக் குறையால் இழப்புற்றவர் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். 1986ஆம் ஆண்டின் சட்டத்திற்கு மாற்றாக வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வழக்காடுவோர் தாம் வாழும் இடத்திலேயே முறையிட வழி செய்தது. எதிர்க்கட்சியின் தலைமையகம் மும்பையிலோ டில்லியிலோ இருக்கட்டும். கொடுங்கையூர்க்காரர் சென்னை (வடக்கு) மாவட்ட ஆணையத்திலேயே முறையிடலாம். குறை தோன்றிய இரண்டு ஆண்டுக்குள் முறையீடு செய்தல் வேண்டும். வழக்கறிஞரை அமர்த்த இயலாதவர் தாமே நின்று தம் வழக்கை எடுத்துரைக்கலாம். அப்போது அவர் கையில் இருக்க வேண்டியவை, தாம் எழுதிய கடிதங்களின் படிகளும், ஒப்புகைச் சீட்டுகளும், நாள் குறித்து வந்த விடைகளுமே ஆம்.