தூணின் இலக்கணம்

ரிஷிவந்தியத்து அர்த்தநாரீசுவரர் ஆலய மண்டபத்துட் புகுவோர் தூண்களிற் செதுக்கிய உருவங்களையே முதற்கண் நோக்குவர். அவ்வுருவங்களைத் தாங்கும் தூணுக்கும், வெண்பாவுக்குத் தளைபோல, ஓர் இலக்கணம் உண்டு. அதனைச் சிற்பிகள் கற்ற வகை யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

மேனாட்டார்க்கு டாரிக், அயோனிக், கொரிந்தியன் எனத் தூண் மரபுகள் உள. கிரேக்கர் கைவழக்கிற் பிறந்த இவற்றை இத்தாலியராகிய வின்யோலா 1562-இல் அச்சு நூலாக்கினார். தூணின் உயரம் அதன் அடிவிட்டத்தைப்போல் டாரிக்கில் 8 மடங்கு, அயோனிக்கில் 9, கொரிந்தியனில் 10 என அவர் வரையறுத்தமையால், தொலைவிலிருந்த கொத்தரும் படம் நோக்கிக் கற்கலாயினர்.

நம் நாட்டிலோ மயமதம், மானசாரம் முதலிய வடமொழி நூல்கள் இருந்தும், இக்கல்வி பெரும்பாலும் தந்தை கையினின்று மகன் கைக்கே சென்றது. சதுரத் தூண் பிரமகாந்தம், எட்டுப்பட்டை விஷ்ணுகாந்தம், உருண்டை ருத்திரகாந்தம். சதுரத்தை எட்டுப்பட்டையாக்குவது எங்ஙனம்? மூலையிலிருந்து மையம்வரை நூல் பிடித்து, அவ்வளவை அம்மூலையினின்றே இரு பக்கங்களிலும் குறிக்க. நான்கு மூலைக்கும் இவ்வாறு செய்யின் எட்டுப் புள்ளிகள் தோன்றும். அவற்றை இணைத்து மூலைகளைக் களைய, எட்டுப்பட்டையாம். நூற்கயிறும் உளியும் உடையார்க்கு இதன்பொருட்டு ஏடு வேண்டுவதின்று.

ஆயினும், ஏடும் கையும் பிரிந்தமையால் ஓர் இடர் விளைந்தது. சிற்ப நூல்களை ஆராயப் புகுந்த ராம் ராஸ் என்பார், வடமொழி வல்லார்க்குச் சிற்பக் குறியீடுகள் விளங்காமையையும், சிற்பிகளுக்கு வடமொழி தெரியாமையையும் கண்டார். தஞ்சைச் சிற்பி ஒருவர் துணையாலேயே பொருள் தெளிந்தார். அவரது ஆராய்ச்சி 1834-இல் இலண்டனில் வெளிவந்தது.

புதுச்சேரியில் ஆசிரியராயிருந்த ழுவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சு அறிஞரும் சிற்பிகளிடம் உறுப்புப் பெயர்களைக் கேட்டறிந்து, 1914-இல் நூல் வெளியிட்டார். தூண்தலையிலுள்ள போதிகையே காலங்காட்டும் என்பது அவர் முடிபு. பல்லவர் போதிகை வளைந்தது. சோழர் போதிகை சரிந்து நடுவே முனை நீண்டது. விசயநகர, நாயக்கர் காலங்களில் அம்முனை மலர்மொட்டாய்த் தொங்கிற்று.

1957-இல் மாமல்லபுரத்தில் அரசினர் தொடங்கிய சிற்பப் பயிற்சிக்கூடம் ஏட்டையும் உளியையும் ஓரிடத்துச் சேர்த்தது. தமிழ் பயிலும் நமக்கும் இதில் ஒரு கடன் உண்டு. போதிகை, பலகை, குடம், கலசம் என்பன நம் மொழிச் செல்வமல்லவா? இவற்றை அகராதியில் மட்டும் தேடி, சிற்பியிடம் கேளாதொழிவோமாயின், சொல் நிற்கும், பொருள் போய்விடும்.