படியும் தராசும்

கிருஷ்ணகிரி ஜில்லாவைச் சேர்ந்த பாரூர்ப் பெரிய ஏரியில் தேங்கும் நீரைக் கன அடிக் கணக்கில் சொல்லுகிறோம். அவ்வேரிப் பாசனத்தில் விளையும் நெல்லையோ கிலோகிராம் கணக்கில் விற்கிறோம். முன்னது கொள்ளளவு, பின்னது நிறை. இவ்விரண்டின் பேதத்தைச் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் அவசியம். அறியாதவர் தம் உழைப்பின் பயனில் ஒரு பங்கை இழக்க நேரிடும்.

கொள்ளளவாவது, ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு. நிறையாவது, அப்பொருளில் அடங்கிய சரக்கின் அளவு. முன்னதைப் படி காட்டும். பின்னதைத் தராசு காட்டும். நம் முன்னோரும் இவற்றை வெவ்வேறாகவே வைத்திருந்தனர். 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால் என்பன முகத்தலளவை. 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு என்பன நிறுத்தலளவை. ஆயினும் படி ஊருக்கு ஊர் மாறுபட்டது; குவித்து அளப்பதும் தலைதட்டி அளப்பதும் ஒன்றாகவில்லை. 1956-ஆம் வருஷத்துச் சட்டத்தின்பின் லிட்டரும் கிலோகிராமும் தேசமெங்கும் படிப்படியாக வழக்கத்திற்கு வந்தன.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு படியில் கேழ்வரகைத் தலைதட்டி நிரப்பி நிறுத்துக்கொள்ளுக. பிறகு படியைப் பலமுறை தரையில் தட்டுக. தானியம் கீழே இறங்கி, மேலே இடம் காலியாகும். எடையோ சிறிதும் குறையாது. அதே படியில் உமியை நிரப்பி நிறுத்தால் எடை மிகக் குறைவாயிருக்கும். ஆகவே படி ஒன்றாயினும் சரக்கு ஒன்றல்ல.

பால் விஷயத்தில் இது பணத்தைத் தொடும். ஒரு லிட்டர் பால் ஏறத்தாழ 1.03 கிலோகிராம் நிற்கும். தினம் 10 லிட்டர் ஊற்றுபவரின் பாலை 10 கிலோகிராம் என்றே எழுதிக் கிலோகிராம் விலை கொடுத்தால், 30 நாளில் அவருக்குச் சுமார் 9 கிலோகிராம் நஷ்டம். மாறாக, நுரையோடு லிட்டரில் அளந்தால் வாங்குபவருக்கு நஷ்டம். நுரை இடத்தை அடைக்குமேயன்றி எடையைக் கூட்டாது. எண்ணெயில் கணக்கு நேர்மாறானது. ஒரு லிட்டர் கடலையெண்ணெய் சுமார் 910 கிராமே நிற்கும். அதை ஒரு கிலோகிராம் என்றெண்ணி வாங்குதல் தவறு.

தராசு ஒன்றே போதும் என்றும் எண்ணலாகாது. ஈர நெல்லை நிறுத்தால் நீரும் சேர்ந்தே நிற்கும். ஆனதுபற்றியே அரசாங்கக் கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேற்படலாகாது என்னும் பொது விதி ஏற்பட்டது.

ஆகையால் அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று: விலை எந்த அளவையில் பேசப்பட்டதோ அந்த அளவையிலேயே சரக்கை அளக்கச் செய்க, லிட்டரையும் கிலோகிராமையும் ஒன்றெனக் கொள்ளற்க, ரசீதில் எண்ணோடு அளவையின் பெயரும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்குக.