தரையிலிருந்து ஏறும் குளிர்

2005-ஆம் ஆண்டு. அக்டோபர் 8. காலை 9 மணி 20 நிமிடம். காஷ்மீர் மலைகள் குலுங்கின. ஊரி, தங்தார் பகுதிகளில் ஊர் ஊராக வீடுகள் இடிந்தன. நம் பக்கத்தில் 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள். எல்லைக் கோட்டுக்கு அப்பால் 73,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

பிழைத்தவர்கள் எங்கே தங்கினார்கள்? துணிக் கூடாரத்தில் தங்கினார்கள்.

குளிர்காலம் நெருங்கி விட்டது. தங்தார் போகும் பாதை சாதனா கணவாய் வழியாக மலை ஏறிப் போகிறது. பனி விழுந்தால் பாதை அடைபடும். அதற்குள் உதவி போய்ச் சேர வேண்டும்.

மார்கழிப் பனிக்கே நாம் காதில் துண்டு கட்டிக் கொள்கிறோம். அங்கே இரவில் வாளித் தண்ணீர் உறைந்து போகும். துணி வீட்டில் எப்படி உயிர் பிழைப்பது?

ஒருவருக்கு மூன்று போர்வை கிடைத்தது என்று வைத்துக் கொள்வோம். மூன்றையும் மேலே போர்த்தலாமா? கூடாது. போர்த்தினால் இரவெல்லாம் நடுங்குவார். ஏன் தெரியுமா? ஈரத் தரை உடம்பின் சூட்டை உறிஞ்சி விடும். குளிர் மேலிருந்து மட்டும் வருவதில்லை. தரையிலிருந்தும் ஏறுகிறது.

முதலில் தரையில் பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். அதன்மேல் ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த வைக்கோல் பரப்புங்கள். வைக்கோலுக்கு நடுவே காற்று தங்கும். அந்தக் காற்றுதான் சூட்டைக் காக்கும். அதன்மேல் ஒரு போர்வை விரித்துப் படுங்கள். மற்ற இரண்டையும் போர்த்துங்கள். கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் உள்ளே வராது. கூரையில் பனி சேர்ந்தால் உடனே தள்ளி விடுங்கள். பாரம் ஏறினால் கூடாரம் சரிந்து விடும்.

காஷ்மீர் மக்களிடம் காங்கிரி உண்டு. மண் சட்டியில் கரி நெருப்பு, சுற்றிலும் பிரம்புக் கூடை. அதை அங்கிக்குள் வைத்துக் கொள்வார்கள். இலையுதிர் காலத்தில் சினார் மரத்தின் சருகை எரித்துக் கரி செய்வார்கள். பழைய அறிவு, நல்ல அறிவு. ஆனால் அது வீட்டுக்கு ஏற்றது. மூடிய கூடாரத்தில் கரி எரிந்தால் நச்சு வாயு சேரும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தலை வலிக்கும், மயக்கம் வரும். தூக்கத்திலேயே உயிர் போய்விடும். வைக்கோலும் துணியும் சட்டென்று தீப் பிடிக்கும். அதனால் படுக்கும் முன் நெருப்பை வெளியே வைத்து விடுங்கள். யாருக்காவது மயக்கம் வந்தால் உடனே வெளிக் காற்றுக்குத் தூக்கி வாருங்கள்.

கைக்குழந்தையை எப்படிக் காப்பது? அம்மாவின் மார்போடு, தோலோடு தோல் படும்படி அணையுங்கள். தலையில் குல்லாய் போடுங்கள். இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். ஆனால் குழந்தையின் மூக்கையும் வாயையும் மூடாதீர்கள்.

பெரியவர்களையும் கவனியுங்கள். நடுங்கிக் கொண்டிருந்தவர் திடீரென்று நடுங்காமல் இருக்கிறாரா? பேச்சு குழறுகிறதா? குளிர் விட்டது என்று நினைக்காதீர்கள். அதுதான் ஆபத்து. ஈர உடையைக் கழற்றுங்கள். காய்ந்த போர்வையால் சுற்றுங்கள். கை கால்களைத் தேய்க்காதீர்கள். நினைவு இருந்தால் சூடான இனிப்புத் தேநீர் கொடுங்கள். சாராயம் வேண்டவே வேண்டாம். சீக்கிரம் மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

உதவி என்றால் நாம் பழைய சேலை, வேட்டியை மூட்டை கட்டுகிறோம். மலைக் குளிருக்கு அது போதாது. கம்பளி, காலுறை, தகரம், தரைக்கு விரிப்பு இவைதான் தேவை. இடிந்த வீட்டின் மரத்தையும் தகரத்தையும் எடுத்து ஒரே ஒரு சின்ன அறை கட்டிய குடும்பங்கள் உண்டு. குளிருக்குக் கூடாரத்தை விட அது மேல்.

குழுவில் பேசுங்கள்: வீட்டில் நான்கு பேர். ஒரு கைக்குழந்தை. மூன்று போர்வை, இரண்டு கட்டு வைக்கோல். இன்று இரவு எப்படிப் படுப்பீர்கள்?